மலிவு ஹெட் போல்ட்டா, விலை கூடிய ஸ்டட்டா? காரைக்குடிப் பக்கத்துப் பட்டறைக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் எஞ்சின் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியை)க் கழற்றும் வேலை பெரும்பாலும் மூன்று வழியாக வருகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ வந்து, பத்து மாதம் ஷெட்டில் நின்ற அம்பாசடரையோ ஃபியட்டையோ கிளப்பி, கானாடுகாத்தான் தாண்டுவதற்குள் கொதிக்கவிட்டுக் கொண்டுவருவது ஒன்று. டிராக்டரும் டீசல் பம்புசெட்டும் இரண்டாவது. மூன்றாவது டர்போ டீசல் கார்கள். அதிலும் பூஸ்ட்டை, அதாவது டர்போ ஊதும் காற்றழுத்தத்தை, கூட்டி எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணியவை. பேக்கிங் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்), ஃபேசிங் (ஹெட்டை மட்டம் தேய்ப்பது) கணக்கெல்லாம் பேசி முடித்த பிறகுதான் போல்ட் பேச்சு வரும். பழசையே போடலாமா, கடையில் எச்.டி. (உயர் இழுவை) போல்ட் வாங்கலாமா, கம்பெனி செட்டா, இல்லை ஏ.ஆர்.பி. மாதிரி அமெரிக்க ஸ்டட் (இரு முனையும் மரையுள்ள, மேலே நட் போட்டு இறுக்கும் தண்டு) தருவிக்கணுமா?

விலைப்பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஹெட் போல்ட்டை ஒரு கெட்டி ஸ்பிரிங் என்று எடுத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். இறுக்கும்போது போல்ட் நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவைதான் ஹெட்டைப் பிளாக்கோடு (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடலோடு) அமுக்கி வைத்திருக்கிறது. எம்10 போல்ட் (மரை விட்டம் 10 மி.மீ.), தண்டு 10 மி.மீ., இறுகும் நீளம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் 36 கிலோ நியூட்டன் இழுவை, அதாவது மூன்றரை டன்னுக்குச் சற்று மேல், ஏற்றினால் நீள்வது சுமார் 0.22 மி.மீ. இரண்டு தாள் கனம், அவ்வளவே. அதில் 0.05 மி.மீ. எங்காவது போய்விட்டால், வாஷர் புதைந்தோ, ஹெட் பரப்பில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் துணுக்கு நசுங்கியோ, இழுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. எந்த விலையில் வாங்கிய போல்ட்டாக இருந்தாலும் இதே கதிதான்.

தண்டை நடுவில் மெலிதாக்கி வைத்திருக்கும் போல்ட்டைப் பார்த்து "கம்பெனிக்காரன் இரும்பை மிச்சம் பிடித்திருக்கிறான்" என்று சொல்வதுண்டு. அது மிச்சம் பிடித்த வேலை இல்லை. 8.2 மி.மீ.க்கு மெலிந்த தண்டு அதே 36 கிலோ நியூட்டனுக்கு 0.33 மி.மீ. நீளும். அப்போது 0.05 மி.மீ. புதைவு அதற்குப் பெரிய நஷ்டமில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. உயர அலுமினிய ஹெட் 80 டிகிரி சூடேறினால் இரும்பு போல்ட்டை விட சுமார் 0.09 மி.மீ. அதிகம் வளரும். மெலிந்த போல்ட் அதற்கு வளைந்துகொடுத்து நீளும். தடித்த கட்டை போல்ட் வளைந்துகொடுக்காததால் இழுவை ஏறி, அடியில் இருக்கும் அலுமினியத்தை நசுக்கும். வண்டி ஒரு முறை நன்றாகக் கொதித்து ஆறிய பிறகு போல்ட்டுகள் லூஸாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: சூட்டில் அலுமினியமோ போல்ட்டோ நிரந்தரமாக அமுங்கி நீண்டுவிட்டது, ஆறியபின் பிடிப்பு திரும்பவில்லை.

அடுத்தது, டார்க், அதாவது முறுக்கு விசை. ரெஞ்சில் காட்டும் எண் இழுவையை நேரடியாகக் காட்டுவதில்லை. நாம் போடும் முறுக்கில் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகவும், நாற்பது சதவீதம்போல மரையில் உராய்வாகவும் கரைகிறது. மிஞ்சும் பத்து சதவீதத்தில்தான் போல்ட் நீள்கிறது. அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுவை தாறுமாறாக மாறும். எம்10, 10.9 கிரேடு (வலிமை எண், விளக்கம் கீழே) போல்ட்டை 72 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், உராய்வையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும் டார்க் கெழு 0.20ஆக இருக்கும்போது 36 கிலோ நியூட்டன் கிடைக்கும். மரை துருவேறி 0.30ஆக இருந்தால் அதே 72க்குக் கிடைப்பது 24. ஸ்டட் செட்டோடு வரும் வழுவழுப்பான பேஸ்ட்டைத் தடவி 0.12ஆக்கிவிட்டு அதே 72 போட்டால் 60! இந்த போல்ட் நீண்டே போகும் எல்லை சுமார் 54. மூன்று தடவையும் ரெஞ்ச் ஒரே இடத்தில்தான் 'டக்' என்றது.

மலிவா உசத்தியா என்ற சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். உசத்தி ஸ்டட்டை வாங்கி, பழைய எண்ணெயையே தடவி, மேனுவலில் உள்ள பழைய டார்க்கையே போட்டால் பிடிப்பு கொஞ்சமும் ஏறாது. ஒரே விட்டம், ஒரே உராய்வு, ஒரே டார்க் என்றால் 8.8 ஆனாலும் 12.9 ஆனாலும் இழுவை ஒன்றுதான். கெட்டியான உலோகத்துக்குக் காசு கொடுப்பது, அதை அதிக இழுவைக்கு இறுக்கலாம் என்பதற்காக. இறுக்காவிட்டால் அந்தக் காசு வீண்.

யாருக்குக் கூடுதல் பிடிப்பு வேண்டும்

நான்கு சிலிண்டருக்குப் பத்து போல்ட், ஒன்றுக்கு 36 கிலோ நியூட்டன் என்றால் மொத்தம் 360; சிலிண்டருக்கு 90 விழும். 68.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் எரிப்பு அழுத்தம் 60 பார் என்று வைத்தால் ஹெட்டைத் தூக்கும் விசை 22 கிலோ நியூட்டன். நான்கு மடங்கு பிடிப்பு கையில் இருக்கிறது. இப்படிப்பட்ட எஞ்சினுக்கு விலை கூடிய ஸ்டட் போடுவது பொங்கல் பானைக்கு வெள்ளி மூடி வாங்குகிற மாதிரி. 69.6 மி.மீ. போர் டர்போ டீசலில் 160 பார் வந்தால் தூக்கும் விசை 61. அதனால்தான் அந்த எஞ்சின்களை நீட்சி எல்லை வரை இறுக்கும் போல்ட்டோடு கட்டுகிறார்கள். கம்பெனி விட்டபடி ஓடும்வரை கம்பெனி போல்ட் போதும். பூஸ்ட்டைக் கூட்டிய பிறகு அந்த 61 எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அங்கேதான் உசத்தி ஸ்டட்டுக்கு நியாயம் இருக்கிறது. அடிக்கடி ஹெட்டைக் கழற்றிப் பூட்டும் ரேஸ், ராலி எஞ்சின்களுக்கும் நியாயமுண்டு. ஸ்டட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம், பிளாக்கின் மரை தேயாது.

கடையில் வாங்கும்போது

தலையில் எழுத்து இல்லாத போல்ட்டை ஹெட்டுக்கு எடுக்கவே கூடாது. ஐ.எஸ். 1367 தரப்படி உயர் இழுவை போல்ட்டின் தலையில் தயாரித்தவர் முத்திரையும் கிரேடு எண்ணும் இரண்டுமே இருக்கணும். 10.9 என்றால், முதல் எண்ணை நூறால் பெருக்கிய அளவு இழுவை வலிமை, அதாவது 1000 மெகா பாஸ்கல். புள்ளிக்குப் பின்னால் உள்ள 9, அதில் 90 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. எம்10 அளவில் 8.8 பாதுகாப்பாகத் தாங்குவது 33.6 கிலோ நியூட்டன், 10.9 தாங்குவது 48, 12.9 தாங்குவது 56. ஆக 36 இழுவை கேட்கும் இடத்தில் 8.8 போட்டால் முதல் நாளே எல்லை தாண்டியாச்சு.

பளபளவென்று இருக்கிறதே என்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏ2-70 எஸ்.எஸ். போல்ட்டின் வலிமை 700 மெகா பாஸ்கல், 450லேயே நீளத் தொடங்கும். போதாததற்கு மரையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வால்வ் கவருக்குப் போடுங்கள், அழகாக இருக்கும்.

12.9 ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) மதுரையிலோ திருச்சியிலோ சுலபமாகக் கிடைக்கும், உலோகமும் நல்லது. ஹெட்டுக்கு அதில் இரண்டு சிக்கல். தலை விட்டம் எம்10க்கு 16 மி.மீ. மட்டும், 11 மி.மீ. துளை போக மிஞ்சும் பரப்பு 106 சதுர மி.மீ. 36 கிலோ நியூட்டனை அதன் மேல் வைத்தால் 340 மெகா பாஸ்கல். வார்ப்பு அலுமினியம் அதைத் தாங்காமல் புதையும். 22 மி.மீ. வெளி விட்டமுள்ள கடினப்படுத்திய வாஷர் வைத்தால் 126ஆக இறங்கும். சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) வாஷர் வைத்தால் அலுமினியத்துக்குப் பதில் வாஷர் நசுங்கும், பலன் ஒன்றுதான். வாஷரின் உள்விளிம்பு சரிவாக்கிய பக்கம் போல்ட் தலையைப் பார்த்து இருக்கணும். தலைமாற்றி வைத்தால் தலைக்கு அடியிலுள்ள வளைவில் வாஷர் விளிம்பு கடித்து, அங்கேயே விரிசல் தொடங்கும்.

இரண்டாவது சிக்கல் முலாம். மின்முலாம் பூசும்போது, அதற்கு முன் அமிலத்தில் கழுவும்போதும், ஹைட்ரஜன் எஃகுக்குள் ஏறிக்கொள்கிறது. எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு ஆபத்து. முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி சுற்றில் பல மணி நேரம் சூட்டில் வைத்து அதை வெளியேற்றணும். அதைச் செய்யாத ஜிங்க் முலாம் 12.9 போல்ட் இறுக்கும்போது ஒழுங்காக இறுகும். ஒரு நாளோ ஒரு வாரமோ கழித்து, எஞ்சின் ஓடாமல் நிற்கும்போதே, தலை தனியாக 'டப்' என்று தெறிக்கும். முறிந்த இடத்தில் நீட்சியே இருக்காது, சர்க்கரைக் கட்டி உடைந்த மாதிரி பருக்கையாக இருக்கும். 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் முலாமையும் துருவையும் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை; ஆனாலும் வெள்ளையாக மின்னும் 12.9ஐ ஹெட்டுக்குக் கேட்பது நிற்கவில்லை. கறுப்பாக, எண்ணெய் பூசி வருவதை வாங்குங்கள்.

முத்திரையையே போலியாக அடிப்பவர்கள் இருப்பதால், புதிய கடையில் வாங்கும் மலிவு செட்டில் ஒரு போல்ட்டைப் பலிகொடுப்பது நல்லது. ஹெட்டின் உயரத்துக்குக் கடைந்த ஒரு இரும்புக் குழாய், ஒரு நல்ல நட், 100 முதல் 125 மி.மீ. மைக்ரோமீட்டர் இருந்தால் போதும் (போல்ட் நீளத்துக்கு ஏற்ற அளவு எடுங்கள்). போல்ட்டின் இரு முனையையும் மட்டமாகத் தேய்த்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயில் மாட்டி, எஞ்சினுக்குப் போடப்போகும் அதே எண்ணெயோடு அதே டார்க்குக்கு இறுக்கி, அளங்கள். கழற்றி மறுபடி அளங்கள். இறுகியபோது 0.2 மி.மீ. சுற்றில் நீண்டு, கழற்றியதும் பழைய நீளத்துக்கே வந்தால் சரக்கு நல்லது. 0.02க்கு மேல் நீண்டே நின்றால் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பலிகொடுத்த போல்ட்டை எஞ்சினுக்குப் போடவேண்டாம். மரையையும் வெயிலில் திருப்பிப் பாருங்கள்: உருட்டி எடுத்த மரை வழவழப்பாக, அடிப்பள்ளம் வட்டமாக இருக்கும், லேத்தில் வெட்டியதில் கீறல் தெரியும், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். ஊர் லேத்தில் கடைந்த ஸ்டட் பம்புசெட் சைலன்சருக்கு ஓடும், ஹெட்டுக்கு ஓடாது.

எங்கள் கணிப்பில், ஹெட்டுக்கு நியாயமான 'மலிவு' என்றால் வண்டிக் கம்பெனிக்கே சப்ளை செய்யும் தயாரிப்பாளரின் 10.9 செட். நம் நாட்டிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் இருக்கும்போது வெளிநாட்டுப் பெயர் இல்லாததெல்லாம் தாழ்ந்தது என்று நினைக்கவேண்டாம். அந்தப் படிக்குக் கீழே இறங்குவதில் மிச்சமாகும் காசு, ஒரு ஹெட் பேக்கிங் விலைக்கு வராது.

நீட்டி இறுக்கும் போல்ட்

மேனுவலில் "40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி" என்கிற மாதிரி எழுதியிருந்தால் பெரும்பாலும் அது நீட்சி எல்லை வரை இறுக்கும் போல்ட். கோணத்தில் இறுக்குவதால் உராய்வின் ஏமாற்று குறைகிறது, அதுதான் அதன் அழகு. ஒருமுறை நீண்டதைத் திரும்பப் போட்டால் அடுத்த முறை மெலிந்து அறுந்துபோகலாம். சில கம்பெனிகள் நீள அளவு கொடுத்து, அதற்குள் இருந்தால் மறுபடி போடலாம் என்கின்றன. அளவு கொடுக்காவிட்டால் புதுசுதான். சந்தேகமிருந்தால் ஒரு நட்டைக் கையால் மரை முழுக்க ஓட்டுங்கள். பாதியில் பிடித்தால் அந்த இடத்தில் மரை நீண்டுவிட்டது. இந்த வகை எஞ்சினில் சாதாரண 10.9 போல்ட்டைப் போட்டு அதே கோணத்தைத் திருப்புவது மிக மோசமான தவறு. நீளம், தண்டு விட்டம், மரைப் படி எல்லாம் சேர்ந்துதான் அந்த 180 டிகிரி.

கோணம் அளக்கக் கருவி இல்லையென்றால், போல்ட் தலையிலும் ஹெட்டிலும் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அறுகோணத் தலையில் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை 60 டிகிரி, 90 இல்லை. இதில் தப்பு பண்ணுபவர்கள் நிறைய. 

உசத்தி ஸ்டட் வாங்கினால்

ஏ.ஆர்.பி. நிறுவனம் 1968இலிருந்து கலிஃபோர்னியாவில் இதையே தொழிலாகச் செய்கிறது. அவர்களுடைய அடிப்படை உலோகம் 8740 குரோமோலி, வலிமை 12.9க்குச் சற்று மேல். ஏ.ஆர்.பி. 2000 அதற்கும் மேலே, சுமார் 1500 மெகா பாஸ்கல். எல்19 என்பது 1790 சுற்றில் இருந்தாலும் ஈரமும் வியர்வையும் பட்டால் விரிசல் விடும் குணம் உடையது. உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் நம் பக்கத்துக்கு அது சரிப்படாது. தெருவில் ஓடும் டர்போ டீசலுக்கு 8740 போதும், கொஞ்சம் ஆசையிருந்தால் 2000.

ஸ்டட்டின் உண்மையான நன்மை, இறுக்கும்போது பிளாக்கின் மரையில் எதுவும் சுழல்வதில்லை. மேலே நுண்மரையில் நட்தான் சுழல்கிறது. பிளாக் அலுமினியம் என்றால் இதற்கே காசு கொடுக்கலாம். ஸ்டட்டைக் கையால் இறக்கி, அடி தட்டியதும் விட்டுவிடணும். இரட்டை நட் போட்டு அடியில் இறுக்குபவர்கள் ஸ்டட்டைச் சாய்த்து, ஹெட்டே உள்ளே இறங்காமல் பண்ணிவிடுகிறார்கள். பேஸ்ட்டை நட்டின் மரையிலும் அதன் அடியிலும் வாஷர் மேலும் தடவணும். வாஷரின் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கட்டும், வாஷர் சுழலக் கூடாது. செட்டோடு வரும் தாளில் உள்ள டார்க்கை, அந்தப் பேஸ்ட்டோடு மட்டும், மூன்று சம படியாக. மேனுவலில் உள்ள டார்க்கை மறந்துவிடுங்கள்.

வாங்குமுன் பார்க்கவேண்டியது: வண்டியில் எஞ்சின் இருக்கும்போது ஹெட்டை நேராக மேலே தூக்க இடமிருக்கிறதா? பின்பக்க ஸ்டட்டுகள் தடுத்தால் அடுத்தமுறை எஞ்சினையே இறக்கணும். இன்னொன்று, பிடிப்பு கூடினால் சிலிண்டர் சுவர் வட்டம் கெடும். ஸ்டட்டுக்கு மாறுகிறவர்கள் ரீபோர் செய்யும் இடத்தில் டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பூட்டி இறுக்கும் கனத்த தகடு) போட்டு ஹோன் பண்ணுவார்களா (சிலிண்டர் உட்சுவரைத் தேய்த்து வட்டமாக்குவார்களா) என்று கேட்டுக்கொள்ளணும். அது இல்லாமல் ஸ்டட் மட்டும் மாற்றி, "ஆயில் குடிக்கிறதே" என்று ரிங்கைக் குறைசொல்வது நியாயமில்லை.

பூட்டும் வேலை

எந்த செட் ஆனாலும் துளைதான் முதல் வேலை. அடி மூடிய துளையில் ஒரு ஸ்பூன் எண்ணெயோ தண்ணீரோ நின்றால் போல்ட் இறங்கும்போது அது அமுங்க இடமில்லாமல் பிளாக்கையே பிளக்கும். காற்றடித்து, துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுங்கள். மரையைச் சுத்தம் பண்ணப் புது டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டாதீர்கள், இரும்பைச் சுரண்டிவிடும். பழைய ஹெட் போல்ட் ஒன்றின் மரையில் நீளவாட்டில் மூன்று காடி வெட்டினால் அருமையான துப்புரவுக் கருவி. தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறக்கும் துளை என்றால் மரைக்கு சீலன்ட் தடவணும். இல்லாவிட்டால் கூலன்ட் மரை வழியே ஏறும், போல்ட்டும் துருப்பிடிக்கும்.

பழைய அம்பாசடரின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் அங்குல மரை. ஃபியட்டும், இசுசு எஞ்சின் போட்ட அம்பாசடரும் மெட்ரிக். 3/8 அங்குலம் 9.5 மி.மீ., பார்வைக்கு எம்10 மாதிரிதான் இருக்கும். கிடைக்கவில்லையென்று எம்10 டேப்பை ஓட்டி மாற்றிய பிளாக்குகள் நிறையவே இருக்கின்றன. ஒரு பிட்ச் கேஜ் (மரை இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

டார்க் ரெஞ்ச் நம்பகமா என்று மளிகைக்கடை எடைக்கல்லாலேயே பார்க்கலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்துப் படுக்கையாக நிறுத்துங்கள். பிடியின் நடுவில், மையத்திலிருந்து 40 செ.மீ. தூரத்தில் 20 கிலோ தொங்கவிட்டால் 78 நியூட்டன் மீட்டர்; ரெஞ்சின் சொந்த எடைக்கு இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். 80ஐச் சுற்றி 'டக்' என்றால் சரி. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை மிகக் குறைந்த எண் வரை இறக்கி வைக்கணும். எல்-ஸ்பானரில் பைப் சொருகி இறுக்குவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நடுவிலிருந்து தொடங்கிச் சுருளாக வெளியே போங்கள். கழற்றும்போது வெளியிலிருந்து உள்ளே, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு. கடைசிப் படியில் ரெஞ்சை நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்கணும். பாதியில் நின்ற போல்ட்டை மறுபடி அசைக்க அதிக முறுக்கு வேண்டியிருப்பதால் எட்டாமலே 'டக்' கேட்டுவிடும். டிராக்டர், பம்புசெட், பழைய கார்களின் கல்நார் வகைப் பேக்கிங் உட்காரும்போது அமுங்கும். ஒரு முறை சூடேற்றி, ஆறவிட்டு, ஒவ்வொரு போல்ட்டாகக் கால் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்கி, பிறகு டேப்பட் (வால்வ்) இடைவெளி வைக்கணும். சூடாகவே இறுக்கச் சொல்லும் மேனுவலும் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல அடுக்கு எஃகுப் பேக்கிங்குக்கு மறுஇறுக்கம் பொதுவாகத் தேவையில்லை, கோணத்தில் இறுக்கியதைத் தொடவே கூடாது.

வருஷத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றிவிடுங்கள். போல்ட் கழுத்தில் துரு தின்பது நிற்கும் நாட்களில்தான். ஒரு சீட்டில் போல்ட் கிரேடு, தடவிய எண்ணெய், கடைசி டார்க், தேதி எழுதி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். அடுத்த முறை ஹெட்டைத் திறப்பவர் அதே எண்ணெயையும் அதே டார்க்கையும் தேட வேண்டியிருக்காது.